ஓரம் தெரியும் லென்ஸ்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் நன்றாக இல்லை என்று சொல்லிவிட மாட்டோம். ரசத்தில் உப்பே இல்லாவிட்டாலும், "நல்லாருக்குதுங்க, துளி உப்பு போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றுதான் வரும். என் கணவர் அதிலும் ஒரு படி மேலே. உப்புப் பேச்சையே எடுக்காமல் குடித்துவிட்டு எழுந்து போவார். நல்ல குணம்தான். ஆனால் இந்தக் குணத்தோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

அவர் கண்ணில் அழுத்தம் கூடியதும் இப்படித்தான் தெரியாமல் போனது. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பட்டறை நடத்திக்கொண்டிருந்தவர், பக்கத்தில் வந்த பைக்கைப் பார்க்காமல் காரைத் திருப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, சுற்றிலும் இருந்தது போய்விட்டது, போனது திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றும் என்றார் டாக்டர். குழாய் வழியாகப் பார்ப்பது போலவாம். வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளைச் சுருட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எதிரே டிவி தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தெரியவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஒவ்வொரு கோடைக்கும் ஏதாவது ஒரு மலைக்குப் போவது எங்கள் வழக்கம். அவர் ஓட்டுவார், நான் படம் எடுப்பேன். இந்தக் கோடையில் வால்பாறை என்று மகள் சொன்னதும் அவர், "நீயும் பாப்பாவும் போயிட்டு வாங்க அம்மணி. நா வந்து என்னத்தப் பாக்கப் போறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். குழம்பு போதும் என்பது போலச் சொன்னார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த ஒரு தடவை வீட்டில் உட்கார்ந்துவிட்டால் இந்த மனிதர் இனி வெளியே கிளம்பவே மாட்டார்.

தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். கண் சரியில்லாதவருக்கு வேறென்ன வேண்டும்? காந்திபுரத்தில் லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்குப் போனேன்.

"என்னக்கா எடுக்கப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"வரையாடுங்க. ஆழியாறு டேமுக்கு மேல பாறையில நிக்குமில்லீங்க, அது."

"உங்ககிட்ட இருக்கற சின்ன லென்ஸு அகலமா எடுக்குமுங்க. மலை மொத்தமும் வந்துரும், ஆடு எறும்பாட்டத் தெரியும். இந்தப் பெருசு ஆட்டோட கண்ணுமுழி வரைக்கும் காட்டும்."

கண்முழி என்றதும் வாங்கிக்கொண்டேன். சின்ன லென்ஸ் கேமராவோடு சும்மா வந்தது என்பதால் எங்கள் வீட்டில் அதற்கு மரியாதை கிடையாது. அதைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் போட்டேன். பெரிய லென்ஸை அவர் முன்னால் வைத்து, "உங்களுக்கோசரம்தான் எடுத்துட்டு வந்தனுங்க" என்றேன். அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. அந்த நல்ல குணம் எனக்கும் சில நேரம் உதவும்.

மகள்தான் காரை ஓட்டினாள். மலை ஏறும்போது ஒரு வளைவில் வண்டிகள் நின்றிருந்தன. பாறை முழுக்க வரையாடுகள். நானும் இறங்கி, குழவிக்கல் கனத்துக்கு இருந்த லென்ஸைத் தூக்கிப் பிடித்து எடுத்துத் தள்ளினேன். கொம்பு, மூக்கு, புல் மெல்லும் வாய், கடைக்காரர் சொன்ன கண்முழி. ஒவ்வொன்றையும் கேமராத் திரையில் அவருக்குக் காட்டினேன்.

"நல்லாருக்குது" என்றார். அடுத்ததற்கும் அதையே சொன்னார். ரசம் குடித்துவிட்டு எழுந்து போகிற அதே முகம்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "எத்தன ஆடு பாருங்க" என்று யாரிடமோ சொன்னார். என் கணவர் என் பக்கம் சாய்ந்து, "ஒண்ணுதான நிக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கூட்டமா நிக்குதுங்க. குட்டியெல்லாம் இருக்குது."

தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார். பிறகு, "நீ காட்டற ஆடு எனக்கே தெரியுது அம்மணி. சுத்தி என்ன இருக்குதுன்னுதான் தெரியறதில்ல" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் குறை அது. எனக்குச் சுருக்கென்றது. அவர் கண் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற வேலையைச் செய்வதற்கு ஒரு லென்ஸை வாடகைக்கு எடுத்து, மலை வரைக்கும் சுமந்து வந்திருக்கிறேன்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று லென்ஸை மாற்றினேன். சின்ன லென்ஸை முழு அகலத்துக்குத் திருப்பி ஒரே ஒரு படம் எடுத்துக் கேமராவை அவர் கையில் கொடுத்தேன். அவர் கையை நீட்டி வைத்துப் பார்த்தார், பிறகு கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். நல்லாருக்குது என்று சொல்லவில்லை. மலை மொத்தமும் சின்னதாகி அவருடைய அந்தக் குழாய்க்குள் அடங்கியிருந்தது.

"இது டேமா?"

"ஆமாங்க."

"ரோட்டுக்கு இத்தன கிட்டவா பாறை? அட, குட்டி தாயிக்குப் பின்னால நிக்குது." திரையின் மூலை மூலையாக விரலை வைத்து ஒவ்வொன்றையும் கேட்டார். எறும்பளவு ஆடுகளை ஒன்றுவிடாமல் கண்டுபிடித்தார். பிறகு, "இதுல நீங்க ரண்டு பேரும் எங்க?" என்றார்.

மகள் அந்த அம்மாளிடம் கேமராவைக் கொடுத்தாள். அவரை நடுவில் விட்டு நாங்கள் இரண்டு பக்கமும் நின்றோம். அந்த அம்மாள் மூக்குக்கு நேரே வந்து நின்று எடுத்தார். அகல லென்ஸில் கிட்டத்தில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்களை இழுத்து அகலமாக்கிவிடும். அது தெரிந்துதான் நான் எப்போதும் நடுவில் நிற்பேன்.

அவர் படத்தைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"ஓரத்துல நீ ரொம்பக் குண்டாத் தெரியற அம்மணி."

"அது லென்ஸுனாலங்கப்பா" என்று மகள் எனக்காகப் பரிந்து பேசினாள். பக்கத்தில் நிற்கிற என்னை அவர் பார்த்து எத்தனை நாளாயிற்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னங்க சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன்.