தண்ணீருக்காகப் பேசிய மாமா

தகரக் கொட்டிலின் சுவரில் அம்மா ஒருநாளும் சாய்ந்திருந்ததில்லை. பகலில் தொட்டால் கை பொசுங்கும், மழைநாளில் உட்பக்கமாக வேர்த்து வழியும். சுனாமி எங்கள் கடற்கரை வீட்டை அத்திவாரத்தோடு பிடுங்கிக்கொண்டு போன பிறகு, தன்னாமுனைப் பக்கம் வரிசையாகக் கொட்டில்கள் அடித்துத் தந்து, கொஞ்சக் காலம் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தோம். தகரம் துருவேறி ஓட்டை விழுந்தது, அம்மாவுக்கு இழுப்பு வந்தது, கொஞ்சக் காலம் மட்டும் முடியவில்லை. "நான் என்ன மாளிகையா கேக்கிறன்? சாஞ்சிருக்க ஒரு கல்லுச் சுவரு, அவ்வளவுதான்" என்பார் அம்மா.

பக்கத்துக் கொட்டிலில் அம்மாவின் தம்பி, என் மாமா, இருந்தார். நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவியில் இறால் பிடிப்பவர். எங்கள் பக்கத்தில் மாரி தொடங்கினால் ஒரு வழக்கு வரும், வருசம் தவறாது. வாவி கடலில் விழும் முகத்துவாரத்தை மணல் மூடியிருக்கும். மழைத்தண்ணீர் ஏற ஏற, வயல் வட்டைக்குள் பயிர் அழுகுது, மணலை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடுங்கோ என்று வேளாண்மைக்காரர் நிற்பார்கள். இப்ப வெட்டினால் இறால் குஞ்செல்லாம் கடலோடு போயிரும், பொறுங்கோ என்று மீன்பிடிகாரர் நிற்பார்கள். அதிகாரிகள் இரு பகுதியையும் கூப்பிட்டு இருத்திக் கேட்பார்கள். மீன்பிடிகாரருக்காக எழும்புவது எப்போதும் மாமாதான். அவர் வாயைத் திறந்தால் மற்றப் பகுதி அடங்கிவிடும் என்று ஊரே சொல்லும். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது.

அப்போதுதான் வாவியோரத்து அரச காணியில் எங்களுக்கு வீடு கட்டித்தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. கண்ணாமரங்கள் தண்ணீருக்குள் வேர் இறக்கி நிற்கும் பள்ளக் காணி. மரத்தை வெட்டி, கிறவல் மண் போட்டு உயர்த்த வேண்டும். பிரதேச சபை இதை யோசித்துத்தான் அனுமதி தரும் என்றார்கள். ஆற்றுக்கு என்ன கேடு, வெள்ளம் வந்தால் என்ன கதி என்று ஆராய ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்களுக்காகக் கதைக்க மாமாவை அனுப்பினோம். வேறு யாரை அனுப்ப? யாரோ கொடுத்த வெள்ளைச் சட்டையை அம்மாவே கழுவிக் காயப்போட்டு அவருக்கு உடுத்தி அனுப்பினார். நானும் பின்னால் போய் மண்டபத்தின் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன்.

மாமா நன்றாகத்தான் தொடங்கினார். கொட்டிலில் சனம் படும் பாட்டைச் சொன்னபோது சில உறுப்பினர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சபைத் தலைவருக்கும் எங்களுக்குத் தர மனம் இருந்தது. அதனால்தான் அவரே வழி எடுத்துக் கொடுத்தார். "ஐயா, உங்களுக்குத்தான் ஆறு தெரியும். அங்க வீடு வந்தாப் பிறகு தண்ணி ஏறினா, முகத்துவாரத்தக் கொஞ்சம் முந்தி வெட்டிச் சமாளிக்கலாம்தானே?" என்று கேட்டார். ஓம் என்ற ஒரு சொல் போதும். வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

மாமாவின் காதில் விழுந்தது 'முந்தி வெட்டி' என்பது மட்டுமே. மனுசன் நிமிர்ந்த நிமிர்வில் சட்டைப் பொத்தான் தெறிக்கும்போல இருந்தது. "ஆர் முந்தி வெட்டுறது? வெட்டப்படாது! அந்தக் கண்ணாவேருக்குள்ளதான் இறால் குஞ்சு கிடக்கு. தண்ணி முழங்காலளவு நிக்கட்டும், நிண்டாத்தான் ஆறு உயிரோட இருக்கும்" என்று வெளுத்து வாங்கினார். அவர் அவ்வளவு நன்றாகக் கதைத்து நான் கேட்டதில்லை. வேளாண்மைக்காரர் இல்லாத மண்டபத்தில் வேளாண்மைக்காரரை வென்றுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

காணி குடியிருக்க உகந்ததல்ல என்று சபை முடிவெடுத்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை, எங்கள் ஆளே சொன்னதைத்தான் கேட்டார்கள். தொண்டு நிறுவனம் காசைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனது. அடுத்த மாரியில் அம்மா அந்தக் கொட்டிலுக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போனார். இந்த மனுசன்ட வாயாலதான் வீடு போனது என்று செத்தவீட்டுக்கு வந்த சனம் மாமாவின் காதுபடவே கதைத்தது. நான் ஒருவரையும் அடக்கவில்லை.

பிறகு நாட்டில் நடந்த சண்டை முடிந்தது. ரோட்டுக்குத் தார் போட்டார்கள், காணி விலை ஏறியது, எங்கிருந்தோ காசுக்காரர்கள் வந்தார்கள். அதே பள்ளக் காணியில், வாவியைப் பார்த்தபடி மாடி வீடுகள் கட்டி விற்க ஒரு கம்பனி கேட்டது. சபை மறுபடியும் கூடி ஆராய்ந்தது. மாமாவும் போனார், கை உயர்த்தினார், அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. புதுத் தலைவர் ஒருவர், தண்ணி ஏறினா முகத்துவாரத்த வெட்டினாச் சரி, இதுக்கென்ன பெரிய ஆராய்ச்சி என்று முடித்துவிட்டார். உறுப்பினர்கள் சிரித்தார்கள் என்று மாமா வந்து சொன்னார். எங்களுக்கு ஆகாத நிலம் அவர்களுக்கு எப்படி ஆயிற்று என்று யாரிடம் போய்க் கேட்க? நாசமாய்ப் போவார்கள் என்று திட்டித் தீர்த்தேன். ஒருவரும் நாசமாய்ப் போகவில்லை.

இப்போது மழை இரண்டு நாள் சேர்ந்து பெய்தாலே மாடி வீட்டுக்காரர் போன் எடுக்கிறார்கள், இயந்திரம் வந்து மணலைக் கிழிக்கிறது. அந்தப் பழைய வழக்குக்கு மீன்பிடிகாரரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆற்றில் இறால் அருகிப்போய், மாமா இந்த வயதில் கடலோரத்து மாங்கேணிக்குப் போய்க் கரைவலை இழுக்கிறார். போன மாரியில் ஒருநாள் என்னிடம் வந்தார். மணல் வெட்டுவதைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஆத்தையும் காக்கல்ல, அக்காவையும் காக்கல்ல. அண்டைக்கு நான் ஓம் எண்டு சொல்லியிருந்தா அவ ஒரு வீட்டுக்குள்ள கண்ண மூடியிருப்பா, என்ன புள்ள?" என்று கேட்டார்.

அம்மா இருந்திருந்தால் ஏதாவது சொல்லித் தம்பியைத் தேற்றியிருப்பார். நான் "ஓம் மாமா" என்றேன்.