ஓரக்குறிப்பைத் திருத்த வந்தவர்

எங்கள் எல்லோருக்கும் அக்காவான ஹாஜிரா லாத்தா மௌத்தாகிவிட்டார் என்ற மரணச் செய்தியை ஒரு திங்கள் காலை அவருடைய தம்பி எங்கள் வாசலில் நின்று சொன்னார். மகனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். நாற்பதாம் நாளும் கழிந்த பிறகே எழுத அமர்கிறேன். இடையில் பிள்ளைக்குச் சளி, அதனால் எனக்குப் பயம்.

கீழக்கரையிலிருந்து பெங்களூருக்கு வாழ்க்கைப்பட்டபோது லாத்தா கல்யாணச் சீராகக் கேட்டு வாங்கி வந்தவை தம்மைப் பெற்ற வாப்பாவின் தஃப்சீர்கள், அதாவது அரபியில் அமைந்த குர்ஆன் விரிவுரைகள். வியாழன்தோறும் பிற்பகலில் ஆஸ்டின் டவுன் வீட்டுக் கூடத்தில் பெண்களை அமர்த்தி, குர்ஆன் வசனமான ஓர் ஆயத்தை ஓதி, முன்னோர் விளக்கங்களைத் தமிழில் சொல்வார். ஒருவர் கருத்தோடு நிறுத்தமாட்டார். மறுத்தவர் சொன்னதையும் சொல்லி, “சரியானதை அல்லாஹ்வே அறிவான்” என்று முடிப்பார்.

“இத்தனை கிதாபு படிச்சும் உங்களுக்கே தெரியலையா லாத்தா?” என்று ஒருநாள் பக்கத்து வீட்டு மைமூன் சீண்டினாள்.

“தெரியலைன்னு சொல்லத்தான்டி இத்தனை கிதாபு!”

மழைக்காலத்தில் ஒரு வியாழன், தொழுகையை அலட்சியம் செய்த தாயின் பிள்ளை தொட்டிலிலேயே இறந்த கதையைச் சொன்னார். அந்த வாரந்தான் என் மகனுக்கு ஜன்னி கண்டு தெளிந்திருந்தது. கல்லூரி நாட்களில் நான் விட்ட தொழுகைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் போயிற்று.

ஞாயிறு மதியம், நனைந்த முக்காடும் குடையுமாக லாத்தா வந்து நின்றார்.

“காலேஜ்காரி, அன்னைக்குச் சொன்ன கதை தஃப்சீர்ல இல்லம்மா. எங்க வாப்பா எங்கேயோ கேட்டதை ஓரத்துல எழுதி வச்சிருக்காஹ. யார் சொன்னது, யார்கிட்டக் கேட்டதுன்னு ஒண்ணும் இல்லை. சின்ன வயசுல பாடத்தோட பாடமா மனசுல ஏறிப்போச்சு. ஏட்டைப் பாக்காமச் சொல்லிட்டேன்.”

தம் வாப்பாவின் கையெழுத்தை அப்படிச் சொல்ல அவருக்கு எளிதாக இருந்திராது.

“அப்போ என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா லாத்தா?”

“ஆயுசு ரப்பு கையில. ஆனா நீ தொழலைன்னு அவனையா புடிப்பான்? ஒன் தொழுகைக்கு நீ பதில் சொல்லு. இதுல ரெண்டு கருத்தே கிடையாது.”

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டார். தேநீர் தருவதாகச் சொன்னேன்.

“வேணாம்மா. அந்தக் கதையை அன்னைக்குக் கேட்டவங்க வீடு இன்னும் நிறைய இருக்கு.”

அந்த வாரத்தில் முதல்முறையாக அன்று தூங்கினேன். அதற்கு முன் சன்னல் வழியே பார்த்தேன். எதிர்வீட்டு வாசலில், மழைச் சத்தத்தை மீறிக் கூவிக்கொண்டிருந்தார்:

“கதவைத் தெறங்க, நான் தப்பாச் சொல்லிட்டேன்!”

ரப்பே, இப்போது அவர் வந்து நிற்கும் வாசலை அகலத் திறந்து கொடு.