ஐந்து பேர் கூடாரம்

கேம்பிங் சாமான்களை வாடகைக்கு விடும் அந்தக் கடையில் வேலை பார்க்கும் அவருக்குப் பாதியண்ணன் என்று பெயர். பதினோரு வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எடுத்துட்டுப் போகணும்னு நினைக்கிறதை எல்லாம் வீட்டுத் தரையில பரப்புங்க. பாதியைத் திருப்பி உள்ள வெச்சுட்டுக் கிளம்புங்க." யார் கேட்கிறார்கள்? இரண்டு ராத்திரி தங்கப் போகிறவர்கள் வீட்டையே காலி செய்வதுபோல நாற்காலி, மேஜை, மூன்று அடுப்பு, தலையணைக்கென்று தனியாக ஒரு பெட்டி என்று அள்ளிக்கொண்டு போவார்கள். திங்கட்கிழமை கட்டுக்கூட அவிழ்க்காமல் பாதி திரும்பி வரும். நல்லதைச் சொன்னதற்குக் கிடைத்த கூலி இந்தப் பட்டப்பெயர்தான்.

எந்தக் குடும்பம் எத்தனை தடவை போகும் என்பதும் அவருக்கு அத்துப்படி. பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கூட லீவில். ஆசை ஆசையாய்ச் சொந்தக் கூடாரம் வாங்குகிறவர்கள் முதல் வருஷம் மூன்று தடவை போவார்கள். அப்புறம் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இவ்வளவு தெரிந்த மனுஷர் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒற்றை ஆளாய்ப் போய் உட்கார்ந்துகொண்டு யாரோடு பேசுவது, மரத்தோடா?

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்கு வேலை மாறியது. அவர்கள் நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள். சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. புது வீட்டில் அறை இரண்டுதான், அவ்வளவுதான் விஷயம். இவர் கடைக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை பிடித்துக்கொண்டார். முதலில் வாரம் தவறாமல் தம்பி வீட்டுக்குப் போனார். பிறகு மாதம் ஒரு தடவை என்றாயிற்று. இப்போது பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மட்டும் போகிறார். அழைக்காத வீட்டுக்கு எத்தனை தடவைதான் சாக்குச் சொல்லிக்கொண்டு போவது?

அப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி போன் செய்தான்.

"அண்ணே, இந்த வாரக் கடைசியில ஏரிக்கரைக்குக் கேம்பிங் போகலாம்னு இருக்கோம். அஞ்சு பேர் டென்ட் ஒண்ணு எடுத்து வைங்க."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு ராத்திரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் நேரா கடைக்கு வந்துடறோம்."

போனை வைத்தபிறகு விரல்விட்டு எண்ணினார். தம்பி, தம்பி மனைவி, பெண், பையன். நாலு பேர். அப்படியானால் ஐந்தாவது?

கடையில் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் என்றால் ஐந்து பேர் கூடாரம். ஆளுக்கு மேல் ஓர் இடம் மூட்டை முடிச்சுக்கு. தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். ஆனால் அவனுக்கு அதெல்லாம் ஞாபகமிருக்குமா என்ன? 'நேரா கடைக்கு வந்துடறோம்' என்றானே, அண்ணனை ஏற்றிக்கொள்ளத்தானே? சாமான் எடுக்கக் கடைக்கு வராமல் வேறெங்கே வருவான் என்று யோசிக்க மனசு இடம் கொடுக்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? வெள்ளிக்கிழமை வரைக்குமாவது சந்தோஷமாய் இருந்துவிட்டுப் போகலாம் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

முதலாளியம்மாவிடம் இரண்டு நாள் லீவு கேட்டார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க லீவு கேக்கறீங்களா? எங்க போறீங்க?"

"தம்பி குடும்பத்தோட கேம்பிங்."

"பதினோரு வருஷத்துல இப்பத்தான் உங்க வாயில இருந்து இது வருது. போயிட்டு வாங்க. திங்கக்கிழமை வந்தா போதும்."

ஊருக்குத்தான் உபதேசம் என்பது சும்மாவா? அடுப்பு இரண்டு, விளக்கு நாலு, பிள்ளைகளுக்குத் தாயக்கட்டை, பந்து, மழைக்கோட்டு, பூச்சி மருந்து என்று பாதியண்ணன் எடுத்து வைத்த குவியலை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் அவரே விரட்டியிருப்பார். ஸ்லீப்பிங் பேக் ஐந்து. ஐந்தாவதற்குள் தன்னுடைய மாற்றுத்துணியைச் சுருட்டிச் செருகினார். புதிதாய் ஒரு ஜோடி ஷூவும் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை கார் வந்தது. முதலாளியம்மா சாப்பிடப் போயிருந்தார். தம்பி சாமான்களை ஒவ்வொன்றாய்ப் பின்பக்கம் ஏற்றினான். ஸ்லீப்பிங் பேக் வந்தபோது நிறுத்தினான்.

"நாலு போதும்ணே. இது யாருக்கு?"

அவர் குனிந்து விளக்குகளைக் காருக்குள் தள்ளி வைத்தார்.

"குளிர் அதிகம்னாங்க. ஒண்ணு கூட இருக்கட்டுமேன்னு வெச்சேன்."

"நீங்களா கூட இருக்கட்டும்ங்கறீங்க?" தம்பி சிரித்துக்கொண்டே அதை அவர் கையில் திருப்பிக் கொடுத்தான்.

காருக்குள்ளிருந்து பெண் எட்டிப்பார்த்தாள். "பெரியப்பா, நீங்க வரலையா?"

"பெரியப்பாவுக்குக் கடை இருக்கும்டி," என்றாள் அவள் அம்மா. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

"ஆமாம்மா, கடை இருக்கு," என்றார் அவர்.

கார் போனபிறகு அந்த ஸ்லீப்பிங் பேக்கைத் தூக்கிக்கொண்டு முதலாளியம்மா வருவதற்குள் அறைக்குப் போய்விட்டார். லீவு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது? இரண்டு நாளும் அறைக்குள்ளேயே கிடந்தார். ரொட்டி வாங்கக்கூடக் கடைத்தெரு பக்கம் வராமல் பின்சந்து வழியாய்ப் போனார். ஜன்னலைத் திறக்கவில்லை. ஐம்பத்துநாலு வயதில் திருடனைப்போல ஒளிந்துகொண்டிருக்கிறோமே என்று நினைத்தபோது வெட்கமாய் இருந்தது. அழுகைகூட வந்தது.

திங்கட்கிழமை காலையில் முதலாளியம்மா விடவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

"மழை கிழை?"

"ஒரு பொட்டு இல்ல. ரெண்டு நாளும் நல்ல வெயில்." இங்கே வெயில் அடித்தது, அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று அடித்துவிட்டார்.

பதினோரு மணிக்குத் தம்பி கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலிலிருந்து உள்வரை தரையெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தது.

"என்னப்பா இது?" என்றார் முதலாளியம்மா. "மழையே இல்லன்னு உங்க அண்ணன் இப்பத்தானே சொன்னாரு. போகட்டும், அவர் கூட வந்தது பிள்ளைங்களுக்குக் குஷியா இருந்திருக்குமே."

தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மேஜைமேல் இருந்த கூடார முளைகளை எண்ண ஆரம்பித்தார். ஏற்கெனவே எண்ணி வைத்த முளைகள். தம்பியின் கண் கீழே இறங்கி அந்தப் புது ஷூவில் நின்றது. நாலு போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

"மழை இல்லம்மா," என்றான். "கிளம்பற அவசரத்துல நான்தான் ஏரியில நழுவ விட்டுட்டேன்."

"அதானே பார்த்தேன்."

"அண்ணன் வந்தது பிள்ளைங்களுக்கு..." அவனால் முடிக்க முடியவில்லை. "ரொம்ப சந்தோஷம்மா."

அந்த அம்மா துடைக்கத் துணி தேடி உள்ளே போனார். தம்பி அருகே வந்தான்.

"அண்ணே."

"அந்த முனையைப் பிடி," என்றார் அண்ணன், அவன் முகத்தைப் பார்க்காமல். "காயப்போடணும். அஞ்சு பேர் கூடாரத்தைத் தனியாளா விரிக்க முடியாது."

பதினோரு வருஷமாக அவர் தனியாகத்தான் விரித்துக்கொண்டிருந்தார்.