முள் இறங்கட்டும்

கம்பியக்கா மைக்கை எடுத்தால் உடனே பேசிவிட மாட்டார். பொத்தானை ஒரு நொடி அழுத்தி மீட்டர் முள்ளைப் பார்ப்பார். முள் கீழே படுத்திருந்தால்தான் வணக்கமே வரும். எழுந்து நின்றதோ, எதிர்முனையில் யார் காத்திருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். "அனுப்புனது போய்ச் சேரணும். வாசல்ல முட்டித் திரும்பி வந்தா செட்டு தலையிலதானே விழும்?" என்பார்.

பகலில் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். சாயங்காலமானால் பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலிக்காரர். மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள், நடுநடுவே பிளாஸ்டிக் குச்சிகளோடு, நூலேணி போலக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஜன்னலுக்கு இறங்கும். கம்பியின் தடிமனும் இடைவெளியும் ஆன்டெனாவோடு ஒத்துப்போக வேண்டுமாம். ஒத்துப்போகாத இடத்தில், தொட்டித் தண்ணீரைத் தட்டினால் சுவரில் மோதித் திரும்புமே, அதுபோல அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு திரும்பிவிடும்; அந்தப் பங்கைத்தான் முள் காட்டும்.

யூகம் என்றாலே அக்காவுக்கு ஆகாது. அவர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு "வாயுவா இருக்கும்னு தோணுது" என்ற டாக்டரிடமே, "தோணுறதெல்லாம் வேணாம் சார், அளந்து பார்த்துச் சொல்லுங்க" என்றவர்.

அவருடைய வீட்டுக்காரர் பெயின்டர். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். டப்பாவில் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் தூக்கம் வராது. வீட்டில் வாளியின் கைப்பிடி வரைக்கும் அவர் கைவண்ணம்தான்.

அக்காவின் தம்பிக்கு ஒரு தீவில், வானிலை நிலையத்தில் வேலை. செல்போன் எடுக்காத இடம். தினமும் சாயங்காலம் வானொலியில்தான் வருவான். போன வாரம் ஒருநாள் காய்ச்சலில் குரல் நடுங்கப் பேசினான். மறுநாள் அக்கா பதறிப்போய் செட்டின் முன் உட்கார்ந்தால், முள் விருட்டென்று ஏறி நின்றது. காதில் வெறும் இரைச்சல்.

"ஒரே ஒரு வார்த்தை கூப்பிட்டுத்தான் பாரேம்மா," என்றார் வீட்டுக்காரர்.

"செட்டு புகைஞ்சுதுன்னா நாளைக்கும் கூப்பிட முடியாதுங்க. அங்க அவன் எப்படிக் கிடக்கானோ."

அன்றிரவு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் வெயில் தாழ்ந்ததும் மாடிக்குப் போனார். கையில் ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் கட்டிய சின்ன நியான் விளக்கு. கீழே வீட்டுக்காரர், சக்தியைக் குறைத்து வைத்த செட்டின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். கம்பியில் படாமல் பக்கத்தில் கொண்டுபோனாலே அந்த விளக்கு எரியும். போவதும் திரும்புவதும் மோதிக்கொள்ளும் கம்பியில் ஓரிடத்தில் பளிச்சென்றும் ஓரிடத்தில் மங்கியும் எரியும். எல்லாம் சரியாக இருந்தால் நெடுக ஒரே சீர்தான். மாடி முழுக்க ஒரே சீராக எரிந்தது. கைப்பிடிச் சுவரைத் தாண்டியதும் சட்டென்று மங்கி, ஜன்னல் பக்கம் பளிச்சென்று ஏறியது. அக்கா எட்டிப் பார்த்தார். தெருவைப் பார்த்த பகுதியில் கம்பியும் குச்சிகளும் சேர்த்து வெள்ளி நிறத்தில் பளபளத்தன.

"கறுத்துப்போய்க் கிடந்துச்சேன்னு..." என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார் வீட்டுக்காரர். "அலுமினியப் பெயின்டு. நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. ரெண்டு கம்பியையும் ஒட்டாம பிரிச்சு வைக்கிற குச்சி மேலெல்லாம் உலோகப் பொடியைப் பூசி வெச்சிருக்கீங்க."

அவர் முகம் செத்துப்போயிற்று. அக்கா சொல்வதற்கு முன்பே பழைய குச்சிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கம்பியைக் கையாலேயே சுரண்டித் துடைத்து, புதுக் குச்சி மாட்டிக் கொடுத்தார். முள் இறங்கியது. அக்கா கூப்பிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டார்.

"அக்கா!" என்று தெளிவாக வந்தது குரல். "காய்ச்சல் விட்டுருச்சு. நல்லா இருக்கேன். நேத்து ஏன்க்கா வரல? பயந்துட்டேன். லைன்ல என்ன கோளாறு?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மழைடா," என்றார் கம்பியக்கா. வெளியே ஒரு தூறல் விழுந்தே மாசக்கணக்காகிறது. "லைன்ல ஈரம் ஏறிடுச்சுன்னு தோணுது."

சொல்லிக்கொண்டே வீட்டுக்காரரின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளிப் பெயின்டை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார்.