கிருஷ்ணாயில் வாசம்

நேற்று சைக்கிள் செயின் இறுகிப்போய், நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. குமணன்சாவடிக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போகச் சோம்பல். பழைய பனியனைக் கிழித்து, விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் நனைத்து நானே துடைத்தேன். கையை முகர்ந்தேனோ இல்லையோ, ஆவடி டிப்போவுக்கே போய்விட்டேன்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்த காலம். வெள்ளைக்காரன் பட்டாளத்துத் துப்பாக்கிகள் அங்கே குவியல் குவியலாக வந்து இறங்கும். நூம்பலிலிருந்து போகிற நானும், பூந்தமல்லிக் காதரும் குழல் துடைக்கிற ஆட்கள். பெட்டியில் வரும் புதுத் துப்பாக்கிக்குள் மசகு கெட்டியாக அப்பியிருக்கும். அதற்குக் கிருஷ்ணாயில். மண்ணெண்ணெய்க்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். பேரில்தான் கிருஷ்ணன், வாசத்தில் அசுரன். கயிற்று முனையில் துணியைச் சொருகி, அதில் நனைத்து, குழலுக்குள் விட்டு இழுக்க வேண்டும்.

சுட்டுவிட்டு வந்த துப்பாக்கிக்கும் நான் முதலில் அதையே செய்தேன். இரும்புக்குத் தண்ணீர் ஆகாது என்பது யாருக்குத் தெரியாது? குழல் பளபளவென்று மின்னியது. மறுநாள் பார்த்தால் உள்ளே செக்கச் செவேலென்று துரு. காதர் விழுந்து விழுந்து சிரித்தான். “தோட்டா மருந்துல உப்பு கீது மச்சான். உப்பு கிருஷ்ணாயில்ல கரையுமா? உன் ஊட்ல கொழம்ப இன்னாத்துல வெக்கிறாங்க?” கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி உப்பைக் கரைத்து, ஈரம் போகத் துடைத்து, அப்புறம்தான் எண்ணெய் போட வேண்டுமாம்.

குழலுக்கு வழி தெரிந்தது, என் மேல் ஏறிய வாசத்துக்குத்தான் தெரியவில்லை. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, பெண்டாட்டிக்கு மசக்கை. நான் வாசலில் கால் வைத்தாலே உமட்டும். சோறு இறங்காமல் துரும்பாகிப் போனாள். ஒருநாள் அவள் அப்பா திருவேற்காட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போய்விட்டார். வயிற்றுப் பிள்ளை தங்க வேண்டுமே. வேலையை விட்டால் கஞ்சிக்கு வழியில்லை. நானே பொங்கி, நானே தின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அழுததும் உண்டு, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போவேன். சீயக்காய், சாம்பல், எலுமிச்சைத் தோல் என்று தேய்க்காதது இல்லை. ஒரு தடவை காதர் அத்தர் கொடுத்தான். கிருஷ்ணாயிலும் அத்தரும் கலந்த கோலத்தில் போனால், மாமனார் வீட்டு மாடே மிரண்டது. அவள் கொல்லைப்புறம் ஓடி வாந்தியெடுத்தாள். விளக்கேற்றச் சொட்டுக் கிருஷ்ணாயில் கிடைக்காத நாள் வேறு. மாப்பிள்ளை டிப்போவில் திருடிக் குளிக்கிறான் என்று தெருவே பேசியதாம்.

அடுத்த வாரம் பூச்செல்லாம் விட்டுவிட்டேன். துப்பாக்கிக்குச் செய்தது மாதிரி வெந்நீரை மட்டும் தோல் சிவக்க ஊற்றிக்கொண்டு போய், வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே வர பயம். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“அங்கியே குந்துய்யா. தள்ளிக் குந்துனா இன்னா, பேச்சு எட்டாதா?”

எட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள், புளியமரத்தடியில் நான். ஊருக்கே கேட்கும்படி குடும்பம் நடத்தினோம்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான், அவளும் வந்து சேர்ந்தாள். சண்டை முடிந்ததும் வேலை போயிற்று, கூடவே வாசமும் போயிற்று. ‘அங்கியே குந்துய்யா’ மட்டும் போகவில்லை. வேர்த்து வழிந்து வந்தாலும் சொல்வாள், கோபம் வந்தாலும் சொல்வாள், சும்மா சிரிக்கவும் சொல்வாள்.

போன ஐப்பசியில் அவள் போய்விட்டாள். காதர் அவளுக்கும் முன்னாலேயே. பையன் பம்பாயில் இருக்கிறான். அடுப்பும் காஸ் அடுப்பாகிவிட்டது, கிருஷ்ணாயில் என்றால் கடைப் பையனுக்கே புரிவதில்லை.

நேற்று செயினைத் துடைத்து முடித்து, கையெல்லாம் அந்த வாசத்தோடு, பழக்க தோஷத்தில் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டேன்.