துடைக்காத மூன்று நாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பஸ் ஓட்டுகிறவனுக்கு வராமல் இருக்குமா? ஆனால் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அக்காவிடம் மட்டும் என் வாய் செல்லுபடியாகாது. "கத்துங்க தம்பி, கத்துனா ரத்தம் நல்லா ஓடும்" என்பாள்.

இருபத்திரண்டு வருடமாகப் புண் துடைக்கிறவள். கட்டைப் பிரிக்கும் முன்பே, மோந்து பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடுவாள். என் வலது குதிகாலில் ஐந்து மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். அதன்மேல் பாலேடு மாதிரி ஒரு வழவழப்பு. கிருமிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கூரையாம் அது. எந்த மருந்தும் உள்ளே நுழையவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். வலது கால் போனால் எந்தக் காலால் பிரேக் போடுவேன்?

கடைசி முயற்சியாக, சோதனைக்கு வந்த புதுக் களிம்பு இரண்டே குப்பி இருந்தது. மருந்தைச் சுமக்கும் நானோ துகள்கள். மயிரிழையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதானாம் ஒவ்வொன்றும்! கூரைக்குள் புகுந்து, கிருமியின் பக்கத்திலேயே மருந்தை இறக்குமாம். அம்மாடி, இதையெல்லாம் எந்தக் கை செய்தது? மூன்று நாள் கட்டைப் பிரிக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

திங்களன்று தடவினாள். செவ்வாய்க் காலை வழக்கம்போல வந்து, கட்டைப் பிரித்து, வழவழப்பைக் கண்டதும் சுத்தமாகத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகுதான் முகம் வெளிறியது.

"ஐயோ, மருந்தைத் துடைச்சிட்டேனே!"

அறையில் நானும் அவளும்தான். பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனை எனக்கு அப்போது தெரியாது. அவள் மூடி மறைத்திருக்கலாம். நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னாள். வராந்தா முழுக்கக் கேட்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த குப்பியோடு திரும்பினாள்.

"என் கால் உனக்கு விளையாட்டாப் போச்சா?" என்று நானும் கத்தினேன். தடவிக் கட்டி, கட்டின்மேல் பேனாவால் 'தொடாதே' என்று எழுதினாள்.

"யாருக்கு இது?"

"எனக்குத்தான் தம்பி."

அதன் பிறகு தினமும் வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர்தான் கட்டைப் பிரித்தார். துணியில் ரத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரத்தம் வருது தம்பி, சதைக்கு உயிர் வந்துருச்சு! செவசெவன்னு புதுச் சதை!" அக்கா அழுதாள். டாக்டர் அறுவை சிகிச்சைப் பட்டியலில் இருந்த என் பெயரை அடித்துவிட்டார்.

அப்போதும் அக்காவின் கைகள் பின்னால்தான் இருந்தன.

"அக்கா, இனிமே தொடுங்க" என்றேன்.