லவ்ரி பியூவும் கரை மாற்றிய ஆறும்

எங்கள் ஆறு மலைமேல் ஒரு சதுப்பில் பிறந்து, பாறையில் முட்டி, புதருக்குள் நுழைந்து, இரண்டு ஊர்களுக்கு நடுவே ஏரிக்கு இறங்குகிறது. கோடையில் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஆனால் அதற்குப் பெயர் இரண்டு. மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே போவதால் கிழக்குக் கரைக்காரர்களுக்கு அது ஹூக், பெண்பன்றி. மேற்குக் கரைக்காரர்களுக்கு க்வென், வெள்ளையழகி.

கிழக்குக் கரையின் கடைசி வீட்டில் லவ்ரி பியூ ஆடு வளர்த்தாள். ஹூக் பெயர்க் காப்புச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. எதிரே யாராவது "க்வென்" என்றது காதில் விழுந்தால், பாதி ரோமம் கத்தரித்த ஆட்டை அப்படியே விட்டுவிட்டுச் சண்டைக்குப் போவாள். பெரும்பாலும் அது இட்வால்தான்; மேற்கு ஜெபக்கூடத்துப் பாடகர் குழுத் தலைவர், குரல் பெரியது.

ஓர் அக்டோபரில் மழை விடவே இல்லை. விடிந்தபோது ஆறு பழைய தடத்தை விட்டு லவ்ரியின் வீட்டுக்குப் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா! பன்னி தன் புத்தியக் காட்டிடுச்சு!" என்று துள்ளினாள்.

அப்புறம்தான் உறைத்தது. அவள் வீடு இப்போது மேற்குக் கரையில்.

இட்வால் திராட்சை ரொட்டியோடு வந்தார். "வாங்க லவ்ரி. எங்க கரைக்கு வந்துட்டீங்க."

"நான் எங்கய்யா வந்தேன்? வீடு இருந்த இடத்துலயேதான் இருக்கு."

"எல்லை ஆறுதானே, தாயி."

சங்கத்துச் செயலாளர் மெரெரித் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள்: "அக்கா, கெழக்குக் கரையில குடியிருக்கறவங்கதான் சங்கத்துல இருக்கலாம். நீங்க போட்ட விதிதான்! மன்னிச்சுக்குங்க!"

மூன்றாம் நாள் லவ்ரி சந்தைக்குப் போய் ஒரு வெள்ளைப் பெண்பன்றி வாங்கி வந்தாள். அதற்கு க்வென் என்று பெயர் வைத்தாள்.

தினமும் சாயங்காலம், பாடகர் குழு ஒத்திகை தொடங்கும் நேரம் பார்த்து, வாளியைத் தட்டிக் கூப்பிடுவாள்: "க்வென்! சேத்துல பொரண்டது போதும், வாடி!"

"இது அநியாயம்" என்றார் இட்வால்.

"என் பன்னிக்கு நான் பேர் வைக்கிறேன். உமக்கென்ன?"

அறுவடை நன்றித் திருநாளில் போதகர், "க்வென் நமக்கு அளிக்கும் நீருக்காக..." என்று ஜெபத்தைத் தொடங்கினார். முதலில் ஒரு பாட்டி குலுங்கினாள். பிறகு ஜெபக்கூடமே சிரித்தது. சிரிப்பை அடக்க இட்வால் பாட்டுப் புத்தகத்தைக் கடித்தார்.

அதிலிருந்து மேற்கில் எல்லோரும் "அந்த ஆறு" என்றுதான் சொல்கிறார்கள். எதிர்க்க ஆள் இல்லாததால் கிழக்கிலும் ஹூக் என்று சொல்வது குறைந்துபோய், சங்கம் கலைந்தது. அதற்குமுன் மெரெரித் வந்து, விதியை மாற்றிவிட்டோம், திரும்பி வாருங்கள் என்று கெஞ்சினாள்.

"வரமுடியாது. க்வெனுக்கு இந்தக் கரைதான் ஒத்துக்குது" என்றாள் லவ்ரி. இட்வால் கொண்டுவந்த உருளைக்கிழங்குத் தோலை அந்தப் பன்றி நிதானமாக மென்றுகொண்டிருந்தது.